காந்தமுள் காட்டிய சுவர்கள்: மேற்கு ராண்ட் தங்கச் சுரங்கங்களில் நீர்த்தடம் தேடிய ஒரு நிகழ்வு ஆய்வு

1968 அக்டோபர் 26, சனிக்கிழமை. ஜோகன்னஸ்பர்க்குக்கு மேற்கே கார்ல்டன்வில் ஊரை ஒட்டியிருக்கும் வெஸ்ட் டிரைஃபான்டைன் தங்கச் சுரங்கத்தில், 4-ஆம் எண் ஷாஃப்டுக்கு (தரையிலிருந்து நெட்டுக்குத்தாக இறங்கும் சுரங்கக் குழிக்கு) கிழக்கே தாது வெட்டிக்கொண்டிருந்த இடத்தில் கூரைப் பாறை இற்று விழுந்தது. விழுந்த இடத்திலிருந்து தண்ணீர் கொட்டத் தொடங்கியது. அந்தச் சுரங்கத்துக்குத் தண்ணீர் புதிதல்ல. பம்புகள் இரவும் பகலும் ஓடிக்கொண்டுதான் இருந்தன. ஆனால் இது நாளொன்றுக்கு 30 கோடி லிட்டருக்கும் மேலான வரத்து. இருந்த பம்புகள் அத்தனையும் சேர்ந்தாலும் ஈடுகொடுக்க முடியாத அளவு.

அந்தத் தண்ணீர் எங்கே நிற்கிறது என்பது சுரங்கக்காரர்களுக்கு முன்பே தெரியும். எந்தப் பாறைச் சுவருக்கு எந்தப் பக்கம் நிற்கிறது, அந்தச் சுவர் மேலே தரையில் எந்தெந்தப் பண்ணை வழியாக ஓடுகிறது என்பதெல்லாம் வரைபடத்தில் இருந்தது. இந்த நிகழ்வை நான் எடுத்துக்கொண்டதற்குக் காரணம் அதுதான். சுரங்கத்துக்குள் தண்ணீர் புகுந்த கதைகளில் பெரும்பாலானவை ‘யாருக்கும் தெரியவில்லை’ என்று முடியும். இங்கே புவி இயற்பியல் ஆய்வு தன் வேலையைச் சரியாகவே செய்திருந்தது. அப்படியிருந்தும் வெள்ளம் வந்தது. களத்தில் கருவி தூக்கி நடப்பவர்கள் படிக்க வேண்டிய பாடம் இந்த இடைவெளியில்தான் இருக்கிறது: ஒரு கருவி எந்தக் கேள்விக்குப் பதில் சொன்னது, எந்தக் கேள்வியை யாரும் அதனிடம் கேட்கவே இல்லை?

நிலம்

விட்வாட்டர்ஸ்ராண்ட் தங்கப்படுகையின் மேற்குக் கைதான் இந்தப் பகுதி. தங்கம் தாங்கிய கூழாங்கல் அடுக்குகள் மிக ஆழத்தில், தெற்கு நோக்கிச் சாய்ந்து கிடக்கின்றன. அவற்றுக்கு மேலே வென்டர்ஸ்டார்ப் எரிமலைப் பாறை. அதற்கும் மேலே டோலமைட், சில இடங்களில் ஆயிரம் மீட்டருக்கும் அதிகமான தடிமனில்.

டோலமைட் சுண்ணாம்புக்கல்லின் உறவு. கார்பன் டை ஆக்சைடு கலந்த மழைநீர் விரிசல் வழியே இறங்க இறங்க, பாறை கரைந்துகொண்டே போகும். கரையாமல் மிஞ்சுவது இரண்டு பொருள். ஒன்று செர்ட் என்ற தீக்கல் அடுக்கு. மற்றொன்று ‘வாட்’ என்று அழைக்கப்படும், மாங்கனீசும் இரும்பும் நிறைந்த, கையில் எடுத்தால் கனமே தெரியாத கறுப்பு மண். டோலமைட்டின் மேற்பகுதி முழுக்கக் குகைகளும் வெடிப்புகளும் இந்த மிச்ச மண்ணும்தான். அந்த வெற்றிடங்களில் தண்ணீர் நிற்கிறது. மேலே டோலமைட்டில் தண்ணீர்த் தொட்டி, கீழே தங்கம், நடுவில் எரிமலைப் பாறை. அந்த நடுப்பாறை மட்டும் முழுசாக இருந்திருந்தால் சுரங்கத்துக்குப் பெரிய கவலை இருந்திருக்காது. ஆனால் அதைப் பிளவுகள் வெட்டிச் செல்கின்றன. டோலமைட்டில் தொடங்கித் தங்க அடுக்கு வரை இறங்கும் பிளவுப்பெயர்ச்சி, அதாவது இரு பக்கப் பாறையும் விலகி நகர்ந்த பிளவு, ஒன்று போதும். அது ஒரு குழாய்தான்.

இன்னொரு விசேஷமும் இங்கே உண்டு. டோலமைட்டை வடக்குத் தெற்காக நெட்டுக்குத்தான டைக்குகள் வெட்டுகின்றன. டைக் என்றால், உருகிய பாறைக்குழம்பு விரிசலில் ஏறி உறைந்து நின்ற கற்சுவர். தண்ணீரை அது எளிதில் விடாது. வொண்டர்ஃபான்டைன் ஓடை கிழக்கிலிருந்து மேற்காகச் சரியும் பள்ளத்தாக்கில் இந்தச் சுவர்கள் குறுக்கே நிற்பதால், நிலத்தடி நீர் படிப்படியாக அமைந்த தொட்டிகளாகப் பிரிந்துவிட்டது. கிழக்கிலிருந்து சொன்னால் ஜெம்ஸ்போக்ஃபான்டைன், வென்டர்ஸ்போஸ்ட், பேங்க், ஓபர்ஹோல்சர், பிறகு போஸ்கோப்–டர்ஃபான்டைன். ஒவ்வொரு தொட்டியிலும் நீர்மட்டம் சுவர்வரை ஏறி, தாழ்ந்த இடத்தில் ஊற்றாக வழிந்து, அடுத்த தொட்டியின் மேல் ஓடும். அந்த ஊற்றுகளை ஆஃப்ரிகான்ஸ் மொழியில் ‘கண்’ என்று சொல்கிறார்கள். ஊற்றுக்கண் என்று நாமும் சொல்வதுதானே. அந்தக் கண்களை நம்பித்தான் பள்ளத்தாக்கின் பண்ணைகள் இருந்தன.

தங்கம் தேடிய காந்தமானி

இந்தப் பகுதியில் தங்கம் இருக்கலாம் என்ற சந்தேகம் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இருந்தது. டோலமைட் வழியே ஷாஃப்ட் இறக்கிப் பார்த்தவர்களைத் தண்ணீர் விரட்டியது. கையில் இருந்த பம்புகளால் முடியவில்லை, விட்டுவிட்டுப் போனார்கள்.

1930-இல் ருடால்ஃப் க்ராஹ்மன் என்ற ஜெர்மானியப் புவி இயற்பியலாளர் ஒரு யோசனையோடு வந்தார். தங்க அடுக்குக்குக் காந்தத் தன்மை கிடையாது. ஆனால் அதற்குக் கீழே, அடுக்கு வரிசையில் குறிப்பிட்ட தூரத்தில், காந்த இரும்புத் தாது கலந்த களிப்பாறை அடுக்குகள் இருக்கின்றன. காந்தமானியை வைத்து அந்தக் களிப்பாறை மூடிய நிலத்துக்கு அடியில் எப்படி ஓடுகிறது என்று தொடர்ந்தால், தங்க அடுக்கு எங்கே இருக்க வேண்டும் என்று கணக்குப் போட்டுவிடலாம். தேடும் பொருளை விட்டுவிட்டு, அதோடு தவறாமல் சேர்ந்து நடக்கும் துணையைத் தேடினார். புவி இயற்பியலின் சூட்சுமமே அதுதான். கோல்டு ஃபீல்ட்ஸ் நிறுவனத்தின் ஆலோசனைப் பொறியாளர் கை கார்ல்டன் ஜோன்ஸ் இந்த யோசனையை நம்பினார். பின்னாளில் எழுந்த கார்ல்டன்வில் ஊர் அவர் பெயரைத்தான் தாங்கி நிற்கிறது. 1932-இல் வெஸ்ட் விட்வாட்டர்ஸ்ராண்ட் ஏரியாஸ் என்ற கம்பெனி தொடங்கப்பட்டது. டோலமைட்டுக்குள் சிமென்ட் கரைசலை அழுத்தி ஏற்றி விரிசல்களை அடைத்துக்கொண்டே ஷாஃப்ட் இறக்கும் முறையால் தண்ணீரைத் தாண்ட முடிந்தது. வென்டர்ஸ்போஸ்ட், பிறகு பிளைவூர், 1952-இல் வெஸ்ட் டிரைஃபான்டைன் என்று சுரங்கங்கள் வரிசையாக உற்பத்திக்கு வந்தன.

தங்கத்தைக் காட்டிய அதே கருவிதான் தண்ணீரின் சுவர்களையும் காட்டியது. டைக்குகளிலும் காந்தத் தாது உண்டு.

சுவரை எப்படிப் படிப்பது

இந்தப் பகுதியைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல ஆசைப்படுகிறேன். காந்த ஆய்வு செய்ய எளிது, படிக்கக் கடினம்.

டைக்குகள் வடக்குத் தெற்காக ஓடுவதால் அளவைக் கோடுகளைக் கிழக்கு மேற்காகப் போட வேண்டும். கோட்டில் எட்டு வைத்து எட்டு வைத்து அளந்து போனால், டைக்கின் மேல் வரும்போது அளவு மாறும். தென்னாப்பிரிக்காவின் அந்தப் பகுதியில் பூமியின் காந்தப்புலம் இன்று ஏறத்தாழ 28,000 நானோடெஸ்லா (காந்தப்புலத்தை அளக்கும் அலகு). டைக்கால் வரும் மாற்றம் அதில் ஒரு சிறு பங்குதான். சூரியனின் செல்வாக்கால் பகலில் புலம் தானாகவே சில பத்து நானோடெஸ்லா ஏறி இறங்கும். எனவே ஒரு கருவியை ஓரிடத்தில் நிலையாக வைத்து அந்த ஏற்ற இறக்கத்தைப் பதிவு செய்து கழிக்க வேண்டும். சுரங்கப் பகுதியில் இதைவிடப் பெரிய தொல்லை இரும்பு. கம்பி வேலி, தண்டவாளம், குழாய், மின்கம்பி எல்லாமே கருவியின் கண்ணில் டைக்கைவிடப் பெரிதாகத் தெரியும். கோட்டில் வேலி குறுக்கிட்டால் அந்த அளவை நோட்டில் குறித்து, பின்னால் தள்ளிவிடத் தெரிய வேண்டும். சட்டைப்பையில் சாவிக்கொத்தோடு நடந்த உதவியாளரால் ஒரு நாள் வேலை வீணாவதும் உண்டு.

இங்கே இன்னொரு திருப்பம். காந்தத் தாது உள்ள பாறை என்றால் புலம் ஏறும் என்றுதான் புதியவர் எதிர்பார்ப்பார். பிலானெஸ்பெர்க் காலத்தவை எனப்படும் இங்குள்ள டைக்குகளின் மேல் பெரும்பாலும் புலம் இறங்கும். சுமார் 130 கோடி ஆண்டுகளுக்கு முன்பு அவை உறைந்தபோது பூமியின் காந்தப்புலம் இன்றைக்கு எதிர்த் திசையில் இருந்தது. பாறை அந்தத் திசையை அப்படியே நினைவில் வைத்திருக்கிறது. அந்த நினைவு இன்றைய புலத்தோடு மோதி அதைக் குறைக்கிறது. 1937-இல் கெல்லெடிக் என்ற ஆய்வாளர் இந்த டைக்குகளைக் காந்தமானியால் தொடர்ந்து வரைந்தபோதே இதைக் கவனித்தார். ஏற்றத்தை மட்டும் தேடியவர் பக்கத்திலேயே இருந்த சுவரைத் தாண்டிப் போயிருப்பார்.

வரைபடத்தில் டைக் ஒரு கோடாக வந்த பிறகுதான் உண்மையான படிப்பு தொடங்குகிறது. கோடு எங்கே நேராக ஓடுகிறது என்பதைவிட எங்கே முறிகிறது என்று பார்க்க வேண்டும். வடக்கிலிருந்து வரும் கோடு ஓரிடத்தில் நின்று, பக்கவாட்டில் விலகி மறுபடி தொடங்கினால், அங்கே ஒரு பிளவுப்பெயர்ச்சி சுவரை வெட்டி நகர்த்தியிருக்கலாம். சுவரில் ஓட்டை விழ வாய்ப்புள்ள இடம் அது. டைக்கின் இரு விளிம்புகளும் கவனிக்க வேண்டியவையே. சூடான குழம்பு ஏறியபோதும் பின்னால் குளிர்ந்து சுருங்கியபோதும் அங்கே பாறை நொறுங்கியிருக்கும். டைக்கின் நடுவில் தண்ணீர் போகாது. அதன் ஓரத்தில் மேலிருந்து கீழாக ஓடும். போர்வெல்லுக்கு இடம் பார்க்கும் வேலையில் இருக்கும் நாங்கள் டைக்கைக் கண்டால் அதன் ஓரத்தைத் தேடிப் போவோம், தண்ணீர் கிடைக்கும் என்று. சுரங்கக்காரர் அதே ஓரத்தைக் கண்டால் விலகிப் போக வேண்டும். ஒரே அடையாளத்துக்கு இரண்டு தொழிலில் இரண்டு பொருள்.

இவ்வளவும் ஊகம்தான். சுவர் உண்மையிலேயே தண்ணீரைத் தாங்குகிறதா என்பதற்கு ஒரே சாட்சி துளை. டைக்கின் இரு பக்கமும் ஒவ்வொரு துளை போட்டு நீர்மட்டத்தை அளக்க வேண்டும். ஒரு பக்கம் உயரத்திலும் மறுபக்கம் தாழ்விலும் இருந்தால் சுவர் தாங்குகிறது. இரண்டும் ஒரே மட்டத்தில் இருந்தால் காந்தமானி எவ்வளவு அழகான கோடு காட்டியிருந்தாலும் அதைச் சுவர் என்று சொல்லக் கூடாது. கார்ல்டன்வில் பகுதியில் இந்தச் சோதனை ஊற்றுக்கண்களிலேயே இயற்கையாக நடந்திருந்தது: சுவருக்கு மேல்பக்கம் ஊற்று வழிந்தது, கீழ்ப்பக்கம் நீர்மட்டம் ஒரு படி தாழ்ந்து நின்றது. காந்தமும் நீரும் ஒரே சாட்சி சொன்னதால்தான் தொட்டிகளின் வரைபடத்தை எல்லோரும் நம்பினார்கள். நம்பியது சரியே.

வற்றவைத்தால் என்ன ஆகும்

சுரங்கங்கள் ஆழமாகப் போகப் போக, பிளவுகள் வழியே வந்த தண்ணீரைப் பம்ப் செய்யும் செலவு ஏறியது. மேலே ஓடையில் விட்டால் அது மறுபடி டோலமைட்டில் இறங்கி, அதே தண்ணீர் சுற்றிச் சுற்றி வந்தது. தொட்டியையே வற்றவைப்பதுதான் வழி என்ற முடிவுக்கு வந்தார்கள். 1960-இல் அரசுக் குழு ஒன்றும் அதையே பரிந்துரைத்தது. வென்டர்ஸ்போஸ்ட் தொட்டியும் ஓபர்ஹோல்சர் தொட்டியும் வற்றின. அவற்றின் கண்களும் ஒன்றன்பின் ஒன்றாக மூடின.

‘சுவர் எங்கே’ என்ற கேள்விக்குக் காந்தமானி பதில் சொல்லியிருந்தது. ‘தண்ணீரை எடுத்துவிட்டால் மேலே இருக்கும் மண் என்ன செய்யும்’ என்பது வேறு கேள்வி. அதற்கு வேறு கருவி வேண்டும். அது களத்துக்குப் பரவலாக வருவதற்குள் உயிர்கள் போயின.

1962 டிசம்பர் 12 அன்று வெஸ்ட் டிரைஃபான்டைனில் தாது நொறுக்கும் ஆலைக் கட்டிடம் நிலத்துக்குள் இறங்கியது. 29 பேர் இறந்தார்கள். 1964 ஆகஸ்டில் பிளைவூர் குடியிருப்பில் ஒரு வீடு, உறங்கிக்கொண்டிருந்த ஐந்து பேரோடு மண்ணுக்குள் போனது. 1962 டிசம்பர் முதல் 1966 பிப்ரவரி வரை 50 மீட்டருக்கு மேல் அகலமும் 30 மீட்டருக்கு மேல் ஆழமும் கொண்ட எட்டுக் குழிகள் அந்தப் பகுதியில் திறந்தன.

நடந்தது இதுதான். டோலமைட்டின் குகைகளுக்கு மேல், வாட் மண்ணும் செர்ட்டும் ஒரு வளைவுபோல நின்று தாங்கிக்கொண்டிருந்தன. நீர்மட்டம் உயரத்தில் இருந்தவரை தண்ணீரும் சேர்ந்து தாங்கியது. மட்டம் இறங்கியதும் அந்தத் தாங்கல் போனது. அரித்து விழும் மண் போய்ச் சேரக் கீழே காலிக் குகை கிடைத்தது. மேலே ஒரு குடிநீர்க் குழாய் ஒழுகினால் போதும், அந்த நீர் மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இழுக்கும். கூரை மெலிந்துகொண்டே வந்து ஒரு நாள் விழும். வெளியே எந்த அறிகுறியும் தெரியாமல் போகலாம்.

ஈர்ப்பை அளக்கும் கிராவிமீட்டர் இங்கேதான் வந்தது. திடமான டோலமைட்டின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 2.85 கிராம் அளவில். கரைந்து மிஞ்சிய மண் அதைவிட மிக லேசு. எனவே கரைவு ஆழமாக இறங்கிய இடத்தில் ஈர்ப்பு ஒரு துளி குறையும். எவ்வளவு துளி என்று கணக்குப் பார்க்கலாம்: அடர்த்தி வேறுபாடு 1 கிராம் என்று வைத்துக்கொண்டால், 24 மீட்டர் தடிமனான லேசான மண்ணுக்கு ஈர்ப்பு ஒரு மில்லிகால் குறையும். ஒரு மில்லிகால் என்பது பூமியின் ஈர்ப்பில் ஏறத்தாழ பத்து லட்சத்தில் ஒரு பங்கு. அதை அளக்கக் கருவி இருக்கிறது. ஆனால் கருவி நிற்கும் இடத்தின் உயரத்தைச் சென்டிமீட்டர் கணக்கில் தெரிந்திருக்க வேண்டும். ஒரு மீட்டர் உயரத்தில் தவறினால் மட்டும் 0.3 மில்லிகால் தவறு நுழைந்துவிடும். அதனால் ஈர்ப்பு ஆய்வில் பாதி வேலை லெவல் எடுப்பவருடையது. அவரை யாரும் கொண்டாடுவதில்லை என்பது எனக்கு நெடுநாள் வருத்தம்.

இன்னொரு சிக்கல், கீழே சாய்ந்து இறங்கும் கனமான அடுக்குகள் தங்கள் ஈர்ப்பையும் சேர்த்துக் காட்டும். டோலமைட் பாறைமட்டம் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று துளை போட்டு உறுதியான சில இடங்களை நங்கூரமாக வைத்து, அந்தப் பரந்த சரிவைக் கழித்த பிறகுதான் உள்ளூர்ப் பள்ளங்கள் தெரியும். துளையில்லாமல் வரைந்த ஈர்ப்பு வரைபடம் அழகான ஓவியம் மட்டுமே.

ஈர்ப்புப் பள்ளம் தெரிந்த இடமெல்லாம் குழி விழும் என்று அர்த்தமில்லை. மண் ஆழம் அதிகம் என்று மட்டுமே அது சொல்கிறது. நீர்மட்டம் எவ்வளவு இறங்கியது, மேலே தண்ணீர் ஒழுகுகிறதா, அந்த மண் கட்டுமானம் எப்படி என்பதையும் சேர்த்துத்தான் ஒரு இடத்தில் வீடு இருக்கலாமா கூடாதா என்று சொல்ல முடியும். அப்படிச் சேர்த்துப் படித்தே ஆட்களை இடம் மாற்றினார்கள். சேதங்களுக்கு ஈடு கொடுக்கச் சுரங்கங்கள் 1964-இல் ஃபார் வெஸ்ட் ராண்ட் டோலமைட் நீர்ச் சங்கத்தை அமைத்தன.

மறுபடியும் 1968

இப்போது அந்தச் சனிக்கிழமைக்குத் திரும்பலாம். இரண்டு தொட்டிகளைப் பிரித்து நின்ற டைக்கின் மேற்கே ஓபர்ஹோல்சர் தொட்டி வற்றிக்கொண்டிருந்தது. கிழக்கே பேங்க் தொட்டி நிறைந்து நின்றது. தங்க அடுக்கு சுவரை மதிப்பதில்லை. அது இரண்டு பக்கமும் தொடர்ந்து ஓடுகிறது. சுரங்கமும் அதைத் தொடர்ந்து கிழக்கே போய், நிறைந்த தொட்டிக்குக் கீழே வெட்டத் தொடங்கியிருந்தது. தொட்டிக்கும் வெட்டும் இடத்துக்கும் நடுவே நூற்றுக்கணக்கான மீட்டர் பாறை இருந்தது. அந்தப் பாறையில் தண்ணீர் நிறைந்த பிளவு ஒன்றும் இருந்தது.

தரையில் எடுத்த எந்த ஆய்வும் அந்தப் பிளவை அந்த ஆழத்தில் காட்டியிருக்க முடியாது. காந்தமானிக்குக் காந்தத் தாது வேண்டும். வெறும் பிளவில் அது இல்லை. கிராவிமீட்டருக்கு எடை வேறுபாடு வேண்டும். ஒரு கை அகலப் பிளவில் அது துச்சம். நிலத்துக்குள் மின்சாரம் செலுத்திப் பார்க்கும் மின்தடை ஆய்வு ஆழம் போகப் போகக் கூர்மையை இழக்கும், மேலே ஈரக் களிமண் இருந்தால் மின்சாரம் அதிலேயே பரவி நின்றுவிடும். சுரங்கத்தின் மின்கம்பிகளும் குழாய்களும் மீதியைக் கெடுக்கும். தரையில் தெரியும் பிளவு ஒன்றை வைத்துக் கீழே கணிக்கலாம் என்றால், சாய்வு குறுக்கே நிற்கும். நெட்டுக்குத்திலிருந்து 5 டிகிரி மட்டும் சாய்ந்த பிளவு, 1,500 மீட்டர் ஆழத்தில் 130 மீட்டர் தள்ளிப் போயிருக்கும்.

எனவே கடைசிச் சில பத்து மீட்டருக்குக் கண் துளைதான். இந்தச் சுரங்கங்களில் பாதை வெட்டும்போது, முகம் எனப்படும் வெட்டும் பாறைச் சுவருக்கு முன்னால் நீளமான துளை போட்டுப் பார்க்கும் வழக்கம் இருக்கிறது. துளையின் வாயில் வால்வு பொருத்திய இரும்புக் குழாயைச் சிமென்ட் வைத்து இறுக்கிவிட்டு, அதன் உள்ளே துளைப்பார்கள். தண்ணீர் அடித்தால் வால்வை மூடிவிட்டு, சிமென்ட் ஏற்றி, மறுபடி துளைத்து, வறண்டிருக்கிறது என்று தெரிந்த பிறகே வெடி வைப்பார்கள். ஆயிரம் மீட்டர் நீர்நிரலின் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 100 கிலோ. வால்வு இல்லாத துளையில் அது பீய்ச்சினால் நிற்கும் ஆளைத் தூக்கி எறியும். ஆனால் இந்தப் பாதுகாப்பு பாதை வெட்டும் முகத்துக்கு. தாது எடுத்த இடத்தில் பிற்பாடு கூரை இறங்கி, அதன் விரிசல் மேலே ஏறி ஒரு பிளவைத் தொட்டால், முன்துளை அதைச் சொல்லாது. வெட்டி எடுப்பதே பாறையின் நிலையை மாற்றிவிடுகிறது. நேற்றைய ஆய்வு நேற்றைய பாறையைப் பற்றியது.

பிறகு நடந்தது பொறியியலில் பெரும் சாதனை. ஆட்கள் உயிரிழப்பின்றி மேலே ஏற்றப்பட்டார்கள். வெள்ளம் பாய்ந்துகொண்டிருந்த பாதைகளில், தண்ணீரை இரும்புக் குழாய்கள் வழியே போகவிட்டபடியே, சுற்றிலும் தடித்த கான்கிரீட் அடைப்பு எழுப்பி, அது இறுகியதும் குழாய்களின் வால்வை மூடினார்கள். மூன்று வாரத்துக்கும் மேல் நடந்த போராட்டம். மூடிய வால்வு நின்றது. சுரங்கம் பிழைத்தது.

பேங்க் தொட்டி பிழைக்கவில்லை. அதைத் தலைக்கு மேலே வைத்துக்கொண்டு இனி வெட்ட முடியாது என்று 1969 முதல் அதையும் வற்றவைத்தார்கள். பேங்க் கண்ணும் மூடியது. 1970-களில் வொண்டர்ஃபான்டைன் ஓடையை ஒரு மீட்டர் விட்டமுள்ள, ஏறத்தாழ 30 கிலோமீட்டர் நீளமான குழாய்க்குள் விட்டு, வற்றிய தொட்டிகளைத் தாண்டிக் கொண்டுபோனார்கள். ஓடும் தண்ணீர் மறுபடி உள்ளே இறங்கக் கூடாது என்பதற்காக ஒரு ஓடை குழாய்க்குள் போனது.

அதிர்வலை சொன்ன சிறு பிளவுகள்

பிளவுகளை நேரடியாகக் காணும் வழி பின்னால்தான் வந்தது. தரையில் அதிர்வை உண்டாக்கி, ஆழத்து அடுக்குகளில் எதிரொலித்து வருவதைக் கட்டம் கட்டமாகப் பதிவு செய்யும் முப்பரிமாண அதிர்வலை ஆய்வு. எண்ணெய்க் கம்பெனிகளின் கருவி, தங்கச் சுரங்கத்துக்கு வந்தது. ஆனால் இதற்கும் ஓர் எல்லை உண்டு. கெட்டிப் பாறையில் அலை நொடிக்கு 6,000 மீட்டர் போகிறது. 60 ஹெர்ட்ஸ் அலைக்கு ஓர் அலைநீளம் 100 மீட்டர். அதில் கால்பங்கு, அதாவது 25 மீட்டருக்குக் குறைவாக அடுக்கை நகர்த்திய பிளவு வழக்கமான படத்தில் மங்கிவிடும். தண்ணீர் கொண்டுவரும் பிளவு பெரிதாக நகர்ந்திருக்க வேண்டும் என்று கட்டாயமில்லையே.

2012-இல் விட்வாட்டர்ஸ்ராண்ட் பல்கலைக்கழகத்தின் மூசா மன்சியும் கூட்டாளிகளும் வெளியிட்ட ஆய்வு எனக்குப் பிடித்தது. இதே மேற்குப் பகுதிச் சுரங்கங்களில் முன்பே எடுத்திருந்த முப்பரிமாணத் தரவை அவர்கள் மறுபடி எடுத்துக்கொண்டார்கள். எதிரொலியின் வலிமையை விட்டுவிட்டு, அந்த அடுக்கின் பரப்பில் சாய்வும் திசையும் எங்கே திடீரென்று மாறுகின்றன என்று விளிம்பு கண்டறியும் கணக்கால் தேடினார்கள். கண்ணுக்குத் தப்பிய சிறு பிளவுகள் கோடு கோடாக வெளிவந்தன. அவற்றில் எவை டோலமைட்டைத் தொட்டு மேலே போகின்றன என்று தொடர்ந்து, தண்ணீரும் மீத்தேனும் வரக்கூடிய வழிகள் எவை என்று பிரித்தார்கள். புதிய களவேலைக்குப் பணம் கேட்பதற்கு முன், பெட்டியில் கிடக்கும் பழைய தரவைப் புதிய கேள்வியோடு திறந்து பார்க்கலாம் என்பதற்கு நல்ல எடுத்துக்காட்டு. இங்கேயும் முடிவைச் சொன்னது அதிர்வலை மட்டுமல்ல. சுரங்கத்துக்குள் உண்மையில் எங்கே தண்ணீர் வந்தது என்ற பதிவோடு பொருத்திய பிறகுதான் பிளவுக்கு நீர்வழி என்ற பெயர் கிடைத்தது.

இன்றைய வரைபடம்

இப்போது அங்கே கேள்வி தலைகீழாகியிருக்கிறது. சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடும் நாளில் பம்புகள் நிற்கும். தொட்டிகள் மறுபடி நிறையும். நிறைந்தால் பழைய கண்கள் திறக்குமா? காந்த வரைபடத்தில் டைக்குகள் இன்றும் முறியாத கோடுகளாகவே ஓடுகின்றன. ஆனால் கீழே, சுரங்கப் பாதைகள் அந்தச் சுவர்களைப் பல இடங்களில் துளைத்துப் போயிருக்கின்றன. தொட்டிகள் இனித் தனித்தனியாக நிறையாமல், துளைகள் வழியே ஒன்றாகக் கலந்து ஒரே மட்டத்துக்கு வந்துவிடும் என்று ஒரு சாரார் சொல்கிறார்கள். அப்படியானால் மேற்கே தாழ்ந்த கண்கள் மட்டும் வழியும், கிழக்கே உயரத்தில் உள்ளவை மூடியே கிடக்கும். அத்தனை துளைகள் வழியே ஓடினாலும் தண்ணீர் மெதுவாகத்தான் நகரும், சுவரின் இரு பக்கமும் மட்டம் வேறுபட்டே நிற்கும் என்று மறுசாரார். டைக்கின் இரு பக்கமும் துளை போட்டு நீர்மட்டம் பார்க்கும் அந்தப் பழைய சோதனைதான் இதற்கும் தீர்ப்பு சொல்ல வேண்டும். அதைப் பம்ப் நிற்பதற்கு முன்னால் தொடங்கி ஆண்டுக்கணக்கில் விடாமல் அளந்தால்தான் அந்தத் தீர்ப்புக்கு மதிப்பு.

கார்ல்டன்வில்லுக்குப் பக்கத்தில் குட்சாங் குடியிருப்பு டோலமைட்டின் மேல் நிற்கிறது. அங்கே குழிகள் விழுந்திருக்கின்றன, பல குடும்பங்களை இடம் மாற்றும் வேலை நடந்திருக்கிறது. நீர்மட்டம் இறங்கியபோது மண்ணின் தாங்கல் போனது. அது திரும்ப ஏறும்போது இதுவரை உலர்ந்து கெட்டித்திருந்த வாட் மண் நனையும். 1960-களில் வரைந்த ஈர்ப்பு வரைபடத்துக்குப் பிறகு எத்தனையோ வீடுகளும் குழாய்களும் வந்துவிட்டன. அந்த வரைபடத்தின் பள்ளங்களின் மேல் இன்றைய வீடுகளையும் குடிநீர்க் குழாய்களையும் போட்டுப் பார்க்க வேண்டும். எங்கே ஒன்றன்மேல் ஒன்று விழுகிறதோ, கிராவிமீட்டரும் லெவல் கருவியும் முதலில் போக வேண்டிய தெரு அதுதான்.